ஒரே புள்ளி, பல வெளிச்சங்கள்: மாகுலா சிதைவும் விழித்திரைப் படங்களும்



ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இடத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். கண்ணின் பின்சுவரை ஒட்டியிருக்கும் விழித்திரையின் நடுப்பகுதி மாகுலா. அதன் நடுவில் ஃபோவியா என்ற அந்தச் சிறு பள்ளம். செய்தித்தாள் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருபவரை முகம் பார்த்து அடையாளம் காண்பது, தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணைப் படிப்பது எல்லாம் இந்தப் பள்ளத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம்பி நடப்பவை. வயது ஏற ஏறச் சிலருக்கு இந்த இடம் பழுதாகிறது. ஓரப்பார்வை இருக்கும், வீட்டுக்குள் நடமாட முடியும். எதைப் பார்க்க நினைக்கிறார்களோ அது மட்டும் மறைந்துபோகும். 2020-இல் உலகில் சுமார் 19.6 கோடிப் பேர் இந்நோயின் ஏதாவது ஒரு கட்டத்தில் இருப்பார்கள், 2040-இல் அது 28.8 கோடியாகும் என்று 2014-இல் வெளியான ஒரு கணிப்பு சொன்னது. நம் நாட்டில் மக்கள் நீண்டநாள் வாழத் தொடங்கியிருக்கிறார்கள். அதனால் இது நம் வீட்டு விஷயமும்கூட.

இந்நோயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி படங்கள் தந்தது. ஆனால் எந்தக் கருவியும் தனியாக நின்று அதைத் தந்துவிடவில்லை. ஒரே இடத்தை வேறுவேறு வெளிச்சத்தில் பார்த்தார்கள். அதே கண்ணை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பார்த்தது சரிதானா என்று இறந்தவர்களின் கண்களை நுண்ணோக்கியின் அடியில் வைத்துச் சோதித்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் நோய் பிடிபட்டது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கருவியை 1851-இல் வெளியிடும் வரை, உயிருள்ள மனிதரின் விழித்திரையைத் தெளிவாகப் பார்த்து ஆராய மருத்துவர்களுக்கு வழி இல்லை. கண்ணின் பாப்பா நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. உள்ளே போன ஒளி போன வழியிலேயே திரும்புவதுதான் காரணம். அதைப் பிடிக்க வேண்டுமானால் நம் கண்ணை விளக்கு இருக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். வைத்தால் நம் தலை விளக்கை மறைத்துவிடும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்து, விளக்கின் ஒளியைப் பக்கத்திலிருந்து உள்ளே திருப்பிவிட்டு, தகட்டின் ஊடாகத் தாம் பார்த்தார். விழித்திரை செந்நிறத்தில் தெரிந்தது. இதே காலத்தில், 1850-களின் நடுவில், நெதர்லாந்தின் டாண்டர்ஸ் இறந்தவர்களின் கண்ணை நுண்ணோக்கியில் வைத்து, விழித்திரைக்கு அடியில் சிறு உருண்டைகளாகப் படிந்த ஒரு பொருளை விவரித்தார். கருவியில் பார்த்தவர்களுக்கு மஞ்சள் புள்ளிகளாகத் தெரிந்தவை இவைதான். இன்று அவற்றை ட்ரூசன் என்கிறோம். திசுவும் காட்சியும் ஒன்றையொன்று விளக்கும் உறவு இத்துறையில் அன்றே தொடங்கிவிட்டது.

படங்களைப் பற்றிப் பேசுமுன் அந்த இடத்தில் தினமும் நடக்கும் வேலையைச் சொல்லியாக வேண்டும். ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்புச் செல்கள், மங்கிய வெளிச்சத்துக்குக் குச்சிச் செல்கள். இவற்றின் நுனியில் ஒளியை வாங்கும் தட்டுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும். ஒரு நாளைக்கு அந்த அடுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நுனியில் உதிர்கிறது, அடியில் புதிதாக முளைக்கிறது. உதிர்ந்ததை விழுங்கிச் செரிப்பது நிறமிப் படலம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள். இச்செல்கள் வளர்ந்த மனிதரிடம் பெருகுவதில்லை என்றே சொல்லலாம். எண்பது வயதுப் பெரியவரின் நிறமிச் செல் எண்பது வருடமாக ஒரு நாள் விடுப்பில்லாமல் அந்த வேலையைச் செய்திருக்கிறது. செரிக்காமல் மிஞ்சியது லிப்போஃபசின் என்ற துகள்களாகச் செல்லுக்குள்ளேயே தங்குகிறது. படலத்துக்கு அடியில் ப்ரூக் சவ்வு, அதற்கும் அடியில் கோராய்டின் நுண்ணிய ரத்தக்குழாய்கள். மேலிருந்து கழிவு கீழே போக வேண்டும், கீழிருந்து ஊட்டம் மேலே வர வேண்டும். வயதானால் சவ்வில் கொழுப்பு படிந்து இந்தப் போக்குவரத்து மந்தமாகிறது. படிவு திரண்டால் ட்ரூசன். நிறமிப் படலமே திட்டுத் திட்டாக அழிந்தால் அது உலர்வகையின் முற்றிய நிலை. கோராய்டிலிருந்து புதிய ரத்தக்குழாய் முளைத்து, சவ்வைத் துளைத்து, நீரையும் ரத்தத்தையும் கசியவிட்டால் ஈரவகை. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. எதிர்ப்பாற்றல் அமைப்பைக் கட்டுக்குள் வைக்கும் காம்ப்ளிமென்ட் காரணி எச் என்ற புரதத்தின் மரபணு மாறுபாடு இந்நோயோடு சேர்ந்துவருகிறது என்று 2005-இல் பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. புகைப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இதை மேடையில் ஒருமுறையாவது சொல்லாமல் இறங்க எனக்கு மனம் வராது.

நேர்முகமாக எடுக்கும் வண்ணப்படம், நாங்கள் ஃபண்டஸ் படம் என்பது, மிக எளியது. ஆனால் அதன் சாதனை பெரிது. ட்ரூசனை எண்ணி, அளந்து, வரிசைப்படுத்த முடிந்தது அதனால்தான். 63 மைக்ரானுக்குக் கீழே சிறியது, 125-க்கு மேலே பெரியது. பார்வை நரம்பின் விளிம்பைக் கடக்கும் பெரிய சிரையின் அகலம் ஏறத்தாழ 125 மைக்ரான். ஒவ்வொரு கண்ணிலும் இயற்கையே ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் 1992-இல் தொடங்கிய ஏரெட்ஸ் ஆய்வில் ஆயிரக்கணக்கானோரின் படங்களை வருடாவருடம் எடுத்துத் தரம் பிரித்தார்கள். அதிலிருந்து வந்த மதிப்பெண் முறையை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணில் பெரிய ட்ரூசன் இருந்தால் ஒரு மதிப்பெண், நிறமி மாற்றம் இருந்தால் இன்னொன்று. இரண்டு கண்ணுக்கும் கூட்டினால் அதிகபட்சம் நான்கு. பூஜ்யம் வந்தவர்களில் ஐந்து வருடத்தில் முற்றிய நிலைக்குப் போகிறவர்கள் 0.5 சதவீதம். பிறகு 3, 12, 25 என்று ஏறி, நான்கு வந்தவர்களில் 50 சதவீதம். ஒரு சாதாரணப் புகைப்படத்தை வைத்து இதைச் சொல்ல முடிகிறது.

சத்து மாத்திரை பற்றிய கேள்விக்கும் இதே ஆய்வுதான் பதில். இடைநிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண் முற்றிய நிலையை அடைந்தவர்களுக்கும், அதில் சோதித்த வைட்டமின்-துத்தநாகக் கலவை ஐந்து வருட ஆபத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குப் பயன் தெரியவில்லை. யாருக்கு மாத்திரை, யாருக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்வது படம்தான். படம் பார்க்காமல் அறுபது வயதான எல்லோருக்கும் எழுதித் தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் பக்கத்து நிலவரத்துக்கும் ஃபண்டஸ் படங்களே ஆதாரம். வடக்கே ஹரியானாவிலும் தெற்கே புதுச்சேரி வட்டாரத்திலும் நடந்து 2010-இல் வெளியான இண்ட்ஐ ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களில் 1.2 சதவீதத்தினருக்கு முற்றிய நிலை இருப்பதாகக் கண்டது. மேலைநாட்டு வெள்ளையருக்கு வரும் நோய், நமக்கு வராது என்று ஒருகாலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். இனி அப்படிச் சொல்வதற்கில்லை.

ரத்தக்குழாயின் கசிவைப் பார்க்க வேறொரு வெளிச்சம் தேவைப்பட்டது. அது வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1959-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நோவட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள். ஃப்ளோரசீன் சாயம் நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். அதை ரத்தத்தில் ஏற்றிவிட்டு, நீல வடிகட்டி வைத்து விளக்கடித்து, பச்சையை மட்டும் படமெடுத்தால் ரத்தம் ஓடுவதே தெரியும் என்று நினைத்தார்கள். முதல் ஊசி யாருக்கு என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஆல்விஸ் கையை நீட்டினார். கட்டுரையைக் கண் மருத்துவ இதழ் ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. 1961-இல் அது இதயநோய் இதழான சர்குலேஷனில் வெளிவந்தது. அதன் பிறகு மியாமியில் டொனால்ட் காஸ் இந்தப் படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்து, மாகுலா நோய்களின் வகைப்பாட்டையே திருத்தி எழுதினார்.

இன்றும் எங்கள் மருத்துவமனைகளில் இந்தச் சோதனை நடக்கிறது. முழங்கை மடிப்பில் ஊசி போட்ட பத்துப் பதினைந்து நொடிகளில் விழித்திரையின் தமனிகள் பச்சையாக ஒளிரத் தொடங்கும். பிறகு சிரைகள். நல்ல குழாயின் சுவர் சாயத்தைக் கசியவிடாது. புதிதாக முளைத்த குழாய் விடும்; நிமிடங்கள் போகப் போக அந்த இடத்தில் ஒளி பரவி விளிம்பு மங்கும். சிலருக்குக் குமட்டும். சிறுநீர் ஒருநாள் வரை பளிச்சென்ற மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். சொல்ல மறந்தால் இரவில் பயந்துபோய்த் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். இன்னொரு சாயமான இண்டோசயனின் பச்சை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில் வேலை செய்கிறது. அந்த ஒளி நிறமிப் படலத்தை ஊடுருவும் என்பதால் கோராய்டின் குழாய்களைக் காட்டும். ஈரவகை என்று நம் ஆசிய நாடுகளில் வருபவர்களில் கணிசமானோருக்கு இந்தக் குழாய்களின் நுனியில் திராட்சைக் குலை போன்ற வீக்கம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் யனூஸி குழுவினர் விவரித்த பாலிப்பாய்டல் வகை இது. இதன் போக்கும் வேறு, சிகிச்சையும் சில சமயம் வேறு. அதனால்தான் மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம் நோயாளியைப் பார்த்துவிட முடியாது.

இப்போது ஓசிடி என்ற ஸ்கேன். வண்ணப்படமும் சாயப்படமும் விழித்திரையை முன்னால் நின்று பார்ப்பவை. ஓதம் ஏறிய சுவரைப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருப்பதும் கறை படர்ந்திருப்பதும் தெரியும். உப்பலுக்குள் இருப்பது தண்ணீரா, பெயர்ந்த பூச்சா, உள்ளே ஓடும் குழாயா என்பது தெரியாது. சுவரை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். கண்ணை வெட்டாமலே வெட்டுமுகத்தைக் காட்டியது ஓசிடி.

அடிப்படை, எதிரொலி. அல்ட்ராசவுண்டில் ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளந்து ஆழத்தைக் கணக்கிடுகிறோம். ஒளியை வைத்து அதைச் செய்ய முடியாது. அதன் வேகம் அப்படி. பத்து மைக்ரான் தொலைவைக் கடக்க வெற்றிடத்தில் ஒளிக்கு ஏறத்தாழ 33 ஃபெம்டோநொடி போதும். அதை அளக்கும் மின்னணுக் கடிகாரம் கிடையாது. எனவே நேரத்தை அளக்காமல் ஒளியையே ஒளியோடு ஒப்பிட்டார்கள். ஒரு கற்றையை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பிவருபவற்றைச் சேர்க்கிறார்கள். பல நிறங்கள் கலந்த ஒளியாக இருந்தால், இரண்டும் கடந்த தூரம் சில மைக்ரானுக்குள் சமமாக இருக்கும்போது மட்டுமே குறுக்கீட்டு விளைவு தோன்றும். கண்ணாடியை நகர்த்த நகர்த்த, விழித்திரையின் வெவ்வேறு ஆழத்திலிருந்து வரும் ஒளி தனித்தனியே பிடிபடும். எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் ஆகியோருடன், அப்போது மாணவராக இருந்த டேவிட் ஹுவாங் முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை 1991-இல் சயன்ஸ் இதழில் வந்தது. இந்த மூவருக்கும் 2023-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. கருவி முதலில் விற்பனைக்கு வந்தது 1996-இல். பிறகு கண்ணாடியை நகர்த்தாமல், திரும்பிய ஒளியை நிறங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டே எல்லா ஆழத்தையும் ஒரே சமயத்தில் பெறும் முறை வந்தது. நொடிக்கு 400 கோடுகள் என்று இருந்தது 20,000-ஐத் தாண்டியது. நோயாளி கண்ணை அசைப்பதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

ஸ்கேன் அறையில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. "ஐயா, தாடைய இதுல வைங்க. நெத்திய முன்னாடி ஒட்டுங்க. உள்ளே பச்சைப் புள்ளி தெரியுதா? அதையே பாருங்க." "எங்கம்மா புள்ளி? சுத்தி எல்லாம் தெரியுது, நடுவுலதான் ஒண்ணும் காணோம்." நோய் இருக்கும் இடத்தைப் படமெடுக்க, நோயாளி நேராகப் பார்க்க வேண்டும், நேராகப் பார்க்கும் இடம்தான் போய்விட்டது. கண் அலையும். அனுபவமுள்ள தொழில்நுட்பர் புள்ளியை மாற்றிப் பெரிய சிலுவைக் குறி வைப்பார். திரையில் விழித்திரையைப் பார்த்துக்கொண்டே கையால் கற்றையை நகர்த்தி ஃபோவியாவைத் தேடிப் பிடிப்பார். அந்தப் பள்ளத்தை ஒரு மயிரிழை தவறவிட்டாலும் அறிக்கையில் தடிமன் கணக்கு தப்பாகும். எங்கள் தீர்மானங்கள் அந்தக் கைகளின் நிதானத்தைச் சார்ந்திருப்பதை நோயாளிகள் அறியமாட்டார்கள்.

படத்தில் தெரிவது சாம்பல் நிறப் பட்டைகள். மேலே விழித்திரையின் அடுக்குகள், நடுவில் பள்ளம், அடியில் நிறமிப் படலத்தின் பிரகாசமான கோடு. ட்ரூசன் இருந்தால் அந்தக் கோடு சிறு மேடுகளாக ஏறி இறங்கும். நீர் எங்கிருந்தாலும் கறுப்பாகத் தெரியும், தெளிந்த நீர் ஒளியைத் திருப்பி அனுப்பாது என்பதால். விழித்திரைக்குள் கறுப்பு ஓட்டைகள் ஒரு பொருள் தரும், விழித்திரைக்கு அடியில் கறுப்புப் பிளவு வேறு பொருள் தரும், நிறமிப் படலத்துக்கும் அடியில் குமிழாகத் தேங்கினால் அது மூன்றாவது. மூன்றுக்கும் எதிர்காலம் ஒன்றில்லை.

ஈரவகைக்கு மருந்து வந்தபோது இந்தப் படம் தயாராக இருந்தது என்பது நோயாளிகளின் நல்லூழ். புதிய குழாயைத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ரானிபிசுமாபுக்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால் மியாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட், குடல் புற்றுநோய்க்குப் பயன்படும் பெவாசிசுமாபைச் சிறிதளவு எடுத்து ஒரு நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். ஒரே வாரத்தில் ஓசிடியில் நீர் வற்றியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து உலகெங்கும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இரண்டு மருந்தும் சமம் என்று 2011-இல் கேட் ஆய்வு உறுதிசெய்தது. அப்போது அமெரிக்காவில் ரானிபிசுமாப் ஊசி ஒன்று சுமார் 2,000 டாலராக இருந்தது, பெவாசிசுமாப் சுமார் 50. நம் நாட்டில் எத்தனை பேரின் பார்வை இந்த வித்தியாசத்தால் தப்பியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மாதாமாதம் ஊசி போட வேண்டுமா, நீர் திரும்பும்போது போட்டால் போதுமா என்ற கேள்விக்கும் ஓசிடியைத்தான் துணைக்கு அழைத்தார்கள். கொஞ்சம் நீர் விழித்திரைக்கு அடியில் தங்கினாலும் பார்வை பெரிதாகக் கெடவில்லை என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. படத்தில் இருக்கும் ஒவ்வொரு கறுப்பையும் ஊசியால் துரத்த வேண்டியதில்லை என்ற தெளிவு அப்படி வந்தது.

உலர்வகையில் நிலைமை இன்னும் கடினம். இங்கே உதவியது விழித்திரையே உமிழும் ஒளி. நிறமிச் செல்லில் சேர்ந்த லிப்போஃபசின், நீல ஒளி பட்டால் சாயம் எதுவும் இல்லாமலே மங்கலாக ஒளிரும். செல் செத்த இடம் கறுப்பாகத் தெரியும்; ஓரம் கத்தரித்ததுபோல் தெளிவாக இருக்கும். அந்தக் கறுப்பின் பரப்பை வருடாவருடம் சதுர மில்லிமீட்டரில் அளக்கலாம். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரண்டு மருந்துகளும் இந்த அளவை வைத்தே தங்கள் பயனைக் காட்டின. கறுப்பு வளரும் வேகம் குறைந்தது. ஆனால் ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிட நன்றாகப் படித்தார்கள் என்று காட்ட முடியவில்லை. இரண்டில் ஒன்றான பெக்சிடாகோப்ளானுக்கு ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2024-இல் பரிந்துரை மறுத்தது. பரப்பு குறைந்தது நோயாளிக்கு அன்றாட வாழ்வில் பொருளுள்ள நன்மையாக மாறவில்லை என்பதே காரணம். ஒரே தரவைப் பார்த்து இரண்டு கண்டங்கள் இரண்டு முடிவுக்கு வந்தன. என் சார்பு ஐரோப்பியர்களின் பக்கம். கண்ணுக்குள் மாதம் ஒருமுறை ஊசி ஏற்கும் முதியவருக்கு அவர் உணரக்கூடிய ஒன்றைத் தர வேண்டும். அதே சமயம், அந்தக் கறுப்பு மெதுவாக வளர்வது பத்து வருடம் கழித்து அவருக்கு உதவக்கூடும் என்று வாதிடுபவர்களை நான் அலட்சியம் செய்யவில்லை.

படத்துக்கும் பார்வைக்கும் இடையே இந்த விரிசல் ஏன்? ஒரு காரணம், நாம் அளக்கும் பார்வை. எழுத்துப் பலகையைப் படிப்பது ஃபோவியாவின் கூம்புச் செல்களின் வேலை. நோய் முதலில் தாக்குவது பெரும்பாலும் அவற்றை அல்ல. அலபாமாவில் கிறிஸ்டின் கர்சியோ தானமாக வந்த கண்களில் செல்களை எண்ணினார். விழித்திரையின் நடுப்பகுதியில், முதுமைக்குள் குச்சிச் செல்களில் 30 சதவீதம் போய்விடுகிறது, கூம்புகள் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன என்று 1993-இல் எழுதினார். மாகுலா நோய் உள்ளவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. அலபாமாவிலேயே சிந்தியா ஓஸ்லியும் கிரெகரி ஜாக்சனும் இருட்டுக்குக் கண் பழகும் நேரத்தை அளந்தார்கள். நோயின் தொடக்கத்திலேயே அது நீண்டுவிடுகிறது. "கரண்ட் போனா கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியல டாக்டர்" என்று ஒரு மூதாட்டி சொன்னால், பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டார் என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது. நிறமிப் படலத்துக்கு மேலேயே படியும் ஒருவகைப் படிவு இருக்கிறது. வண்ணப்படத்தில் அதைப் பலர் தவறவிட்டார்கள். ஓசிடியில் 2010-இல்தான் அதன் இடம் தெளிவானது. அந்தப் படிவு உள்ளவர்களுக்கு இருட்டில் தடுமாற்றம் மிகுதி. அந்த மூதாட்டியின் புகாரும் படமும் அங்கே கைகோக்கின்றன.

திரையில் தெரியும் கோட்டைத் திசுவாக நினைத்துவிடும் அபாயத்தைப் பற்றி ஒரு செய்தி. ஓசிடியில் நிறமிப் படலத்துக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அது அறுந்தால் ஒளிச்செல்கள் கெட்டன என்று வைத்துக்கொள்கிறோம். ஒளிச்செல்லின் உள்துண்டும் வெளித்துண்டும் சேரும் எல்லை என்று அதைப் பல வருடம் பாடப்புத்தகங்கள் சொல்லின. 2011-இல் ரிச்சர்ட் ஸ்பெய்டும் கர்சியோவும் திசுவில் அடுக்குகளின் உயரத்தை அளந்து, படத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். எல்லை அந்த இடத்தில் வரவில்லை. உள்துண்டுக்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாக அடைந்த பகுதியோடுதான் கோடு பொருந்தியது. 2014-இல் நிபுணர் குழு அதை ஏற்றது. இன்னும் கூர்மையான கருவி வைத்திருக்கும் சில இயற்பியலாளர்கள் ஒப்பவில்லை. அவர்கள் அளவில் கோடு பழைய இடத்துக்கே நெருக்கமாக வந்தது. நாங்கள் தினமும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஒரு கோடு எதனால் ஆனது என்பதில் இன்றும் வழக்கு நடக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் கற்பிப்பதைத்தான் நான் ஒப்பமாட்டேன்.

அந்தக் கூர்மையான கருவிகளில் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வானியலாளர்கள் காற்றின் அலைவால் நட்சத்திரப் படம் கலங்குவதைச் சரிசெய்ய, வளைந்துகொடுக்கும் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். ராச்செஸ்டரில் டேவிட் வில்லியம்ஸ் குழு 1997-இல் அதே முறையைக் கண்ணுக்குத் திருப்பியது. கண்ணின் சொந்தக் குறைகளால் கலங்கிய ஒளி சீரானது. உயிருள்ள கண்ணில் கூம்புச் செல்களைத் தனித்தனியே எண்ண முடிந்தது. ஆராய்ச்சிக்கூடங்களில் இது பெரும் பயன். அன்றாட மருத்துவமனைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

இயந்திரக் கற்றலைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையும் டீப்மைண்டும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சிக்கு 14,884 ஸ்கேன்கள். அதில் எனக்குப் பிடித்தது இயந்திரத்தின் சாமர்த்தியத்தைவிட அதன் அமைப்பு. முதல் பகுதி, படத்தில் எது நீர், எது ட்ரூசன், எது படலம் என்று வரைந்து காட்டும். இரண்டாம் பகுதி அந்த வரைபடத்தை மட்டும் பார்த்து அவசரமா இல்லையா என்று சொல்லும். நடுவில் வரைபடம் இருப்பதால் மருத்துவர் அதைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம். மாவட்டத் தலைநகரங்களில் ஓசிடி இருந்தும் விழித்திரை நிபுணர் இல்லாத இடங்களில் இத்தகையவை உதவும் என்று உளமார நம்புகிறேன்.

ஆனால் எந்த இயந்திரமும் நேற்றைய படம் இல்லாமல் இன்றைய படத்தைப் படிக்க முடியாத தருணங்கள் இருக்கின்றன. ஒருவர் வருகிறார், சில வருடமாக இருந்த பெரிய ட்ரூசன் இப்போது மட்டமாகிவிட்டது. "சரியாயிடுச்சா டாக்டர்?" என்று கேட்கிறார். இன்றைய ஸ்கேனை மட்டும் வைத்தால் ஏறக்குறைய நல்ல கண் என்றே தோன்றும். பழையதைப் பக்கத்தில் வைத்தால்தான் மேடு சரிந்த இடமும், அதன்மேல் மெலிந்த விழித்திரையும் தெரியும். ட்ரூசன் கரைவது பல சமயம் அதற்கு மேலிருந்த செல்கள் சாகத் தொடங்கியதன் அடையாளம். நம் நோயாளிகள் பலர் துணிப்பையில் காகித அறிக்கைகளைச் சுமந்து வருகிறார்கள். அதில் இருப்பது ஓர் ஓரத்தில் அச்சான ஒற்றை வெட்டுமுகம், வண்ணம் தீட்டிய ஒரு வட்டம், அவ்வளவுதான். முழு ஸ்கேன் முதலில் எடுத்த இடத்தின் கணினியிலேயே கிடக்கிறது. ஊர் மாறினால் கதை அறுந்துபோகிறது. கோப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். தரும் வழக்கத்தை மருத்துவமனைகளும் கொண்டுவர வேண்டும்.

கடைசியாக நுண்ணோக்கிக்கு வருகிறேன். ஓசிடியில் ட்ரூசனின் உச்சியில் சில சமயம் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். அவை உள்ளவர்களுக்குச் செல் அழிவு வரும் ஆபத்து அதிகம் என்பது தொடர் படங்களால் தெரிந்தது. அவை என்ன என்பது படத்தால் தெரியவில்லை. உயிரோடிருந்தபோது வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள், இறந்தபின் கண்ணை ஆராய்ச்சிக்குத் தந்தார்கள். நியூயார்க் மருத்துவர்கள் வைத்திருந்த படங்களையும் அலபாமாவில் வெட்டிய திசுவையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். புள்ளிகளில் பல, தம் இடத்தைவிட்டுக் கிளம்பி விழித்திரைக்குள் ஏறிய நிறமிச் செல்கள் என்று தெரிந்தது. தர முன்வந்தவர்கள் இல்லாமல் இது தெரிந்திருக்காது.

நம் மாநிலத்தில் கண்தானத்துக்கு நல்ல பெயர் இருக்கிறது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வசதியாக, கண்வங்கிக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். மாகுலா சிதைவு இருப்பவர்கள் தங்கள் கண் யாருக்கும் உதவாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறான எண்ணம். மாற்று அறுவைக்கு எடுப்பது முன்னால் இருக்கும் கார்னியாவை. அவர்களுடையது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பின்னால் இருக்கும் விழித்திரை, குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆராய்ச்சிக்குப் போகலாம். நம் மக்களிடம் மிகுதியாகக் காணும் பாலிப்பாய்டல் வகையின் திசு உலகில் எந்த ஆய்வகத்திலும் அதிகமாகக் கிடையாது. ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக்கொண்ட நம் பெரியவர்கள் யாராவது தானத்துக்கு எழுதிக்கொடுத்தால், எந்த மருத்துவமனையில் எந்தப் பதிவெண்ணில் அவர்களுடைய படங்கள் இருக்கின்றன என்பதையும் வீட்டாரிடம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கண்வங்கிக்கு அந்த எண்ணும் போய்ச் சேர வேண்டும்.